கீழே இருப்பவரை விட்டுக்கொடுக்காத அதிகாரி: ஆர்.கே. தல்வார்



சென்ற இதழில் டெபாசிட்டுக்கு நாமினி போடுவது பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு நாலைந்து பேர் பாஸ்புக்கும் ரசீதுமாக வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். மிக்க மகிழ்ச்சி. இந்த இதழுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பற்றி எழுதித் தருவதாகச் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்க அனுமதி வாங்கிக்கொண்டேன். காரணம் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் பழைய மேனேஜர் ஒருவர் காலமானார். நான் கிளார்க்காக இருந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். தன் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர், அதனால் பெயரைப் போடவில்லை. அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று பழனி முருகன். மற்றொன்று ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரின் படம். அது அவருடைய அப்பா என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஸ்டேட் வங்கியின் தலைவராக இருந்த ஆர்.கே. தல்வார்.

நான் சங்கத்தில் இருந்தவன். தலைவர், சேர்மன் படத்தையெல்லாம் மேசையில் வைப்பது எனக்கு அப்போது கொஞ்சமும் பிடிக்காது. ஏன் வைத்திருந்தார் என்பது எனக்கு விளங்கச் சில வருடங்கள் ஆயின. இரங்கல் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, அந்தப் படத்தில் இருந்தவரைப் பற்றி உங்களுக்குச் சொன்னால் என்ன என்று தோன்றியது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு அவர் பெயர் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வாய்ப்புக் குறைவு. ஆனால் அவர் செய்தவற்றின் பலன் உங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ராஜ் குமார் தல்வார் 1922-ல் பிறந்தவர். பஞ்சாப் பக்கத்துக்காரர், கணிதம் படித்தவர். 1943-ல் இம்பீரியல் வங்கியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு இம்பீரியல் வங்கி என்றால் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் வங்காளம், பம்பாய், சென்னை என்று மூன்று மாகாண வங்கிகள் இருந்தன. அவற்றை 1921-ல் ஒன்றாகச் சேர்த்து உண்டாக்கியது அது. பெரிய கம்பெனிகளுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும்தான் அதன் கதவு சுலபமாகத் திறக்கும். சாதாரண ஆள் உள்ளே போகவே கூச்சப்படுவான்.

சுதந்திரம் வந்த பிறகு, 1955 ஜூலை 1-ஆம் தேதி, இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கி ஆனது. பங்குகளில் பெரும்பகுதி ரிசர்வ் வங்கியின் கைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்குள் 400 புதிய கிளைகளைத் திறக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். பெயர்ப் பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். உள்ளே இருப்பவர்களின் பழக்கத்தை அப்படி மாற்ற முடியாது. அந்தப் பழக்கத்தை மாற்றுவதில்தான் தல்வாரின் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்தது என்று சொல்லலாம்.

படிப்படியாக மேலே வந்தார். 1969 மார்ச் மாதம் ஸ்டேட் வங்கியின் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு 47 வயது நிறையவில்லை. அதே வருடம் ஜூலை 19-ஆம் தேதி இந்திரா காந்தி அரசு 14 பெரிய தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. ஸ்டேட் வங்கி ஏற்கெனவே அரசு வங்கி என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் புதிதாக அரசு வங்கிகள் ஆன அந்தப் பதினான்கும் எப்படி நடப்பது என்று பார்த்துக்கொள்ள முன்னால் நின்றது ஸ்டேட் வங்கிதான். 1969 ஜூன் மாதம் நாடு முழுவதும் எல்லா வணிக வங்கிகளுக்குமாகச் சேர்த்து 8,262 கிளைகள்தான் இருந்தன. 1975-ல் அது 18,000-ஐத் தாண்டிவிட்டது. எவ்வளவு புதிய ஊர்கள், எவ்வளவு புதிய ஊழியர்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு வங்கி வேலை கிடைத்ததற்குக் காரணமே இந்தக் கணக்குதான்.

நம் ஊருக்குப் பழக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பனியன் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் மார்ஜின் என்றால் என்ன என்று தெரியும். 100 ரூபாய்க்கு மெஷின் வாங்க வேண்டும் என்றால் வங்கி 75 ரூபாய் கொடுக்கும், 25 ரூபாய் நீங்கள் போட வேண்டும். அதற்கு மேல் ஈடாகச் சொத்துப் பத்திரமும் கேட்கும். தொழில் தெரிந்தவன் கையில் பணம் இல்லை, பணம் இருப்பவனுக்குத் தொழில் தெரியாது என்றால் என்ன செய்வது? 1967-ல் ஸ்டேட் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொழில்நுட்பம் படித்தவர், கைத்திறன் உள்ளவர், ஆனால் கையில் முதல் இல்லாதவர் என்றால், அவர் போட வேண்டிய பங்கைக்கூடக் கேட்காமல் முழுத் தொகையையும் கடனாகக் கொடுக்கும் திட்டம். ஆளிடம் என்ன சொத்து இருக்கிறது என்று பார்க்காமல், ஆளையும் அவன் தொழிலையும் பார்ப்பது. தல்வார் தலைவரான பிறகு இந்தப் போக்கு இன்னும் விரிந்தது. சிறுதொழில், விவசாயம், சிறு வியாபாரம் என்று இதுவரை வங்கி எட்டிப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் போனார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அது வங்கியில் வேலை பார்த்தவனுக்குத்தான் புரியும். சொத்தை ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தால், கடன் மூழ்கினாலும் மேனேஜரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆளை நம்பிக் கொடுத்து அது திரும்பி வராவிட்டால் கழுத்தில் கத்தி. ஆகவே மேலே இருப்பவர் தாங்கிப் பிடிப்பார் என்ற தைரியம் இல்லாவிட்டால் எந்தக் கிளை மேனேஜரும் ஏழைக்குக் கடன் கொடுக்க மாட்டார். திட்டத்தைக் காகிதத்தில் எழுதுவது சுலபம். அந்தத் தைரியத்தைக் கொடுப்பதுதான் கடினம். என் மேனேஜர் அடிக்கடி சொல்வது இதுதான்: அவர் வேலைக்கு வந்த காலத்தில், கடன் கொடுத்ததற்காகப் பயந்தவர்கள் மெதுவாகக் கடன் கொடுக்காததற்காக வெட்கப்பட ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்துக்குத் தல்வார்தான் காரணம் என்பது அவர் நம்பிக்கை.

1971-ல் தல்வார் வங்கியின் அமைப்பையே மாற்றினார். அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தாரை அழைத்து ஆராயச் சொன்னார்கள். பெருந்தொழில், சிறுதொழில், விவசாயம், தனிநபர் சேவை என்று வாடிக்கையாளர்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் பம்பாய்த் தலைமை அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிலை மாறி, வட்டார அலுவலகங்களுக்கு அதிகாரம் போனது. அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் அதிகாரிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இருந்த அதிகாரத்தைக் கீழே கொடுத்தவர் இவர்.

இன்னொன்று, உங்கள் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டது. வங்கிகளில் வாடிக்கையாளர் சேவை எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1975-ல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தல்வார்தான் தலைவர். அந்தக் குழு 176 பரிந்துரைகளைக் கொடுத்தது. இன்றைக்கு நீங்கள் கிளைக்குள் நுழைந்து, எந்த கவுன்டரில் எந்த வேலை நடக்கும், புகார் இருந்தால் எங்கே கொடுப்பது என்று கேட்டு வாங்குகிறீர்கள். அப்படிக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்று முதலில் ஒழுங்காக உட்கார்ந்து எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர். அதை நாங்கள் எல்லாம் முழுமையாகக் கடைப்பிடித்தோமா என்று என்னைக் கேட்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு கவுன்டரை மூடிவிட்டு டீ குடிக்கப் போனவன்தான் நானும்.

இனி, அவர் பதவி போன கதை.

1975 ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு சிமென்ட் கம்பெனி நொடித்துப்போய் ஸ்டேட் வங்கியிடம் கைமாற்று கேட்டு நின்றது. கடனைத் திருத்தி அமைத்துக் கைதூக்கிவிட வங்கி தயார். ஆனால் ஒரு நிபந்தனை: கம்பெனியை நொடிக்க விட்ட முதலாளி நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும், தொழில் தெரிந்த வேறு ஒருவரை நிர்வாகத்துக்குக் கொண்டுவர வேண்டும். வங்கி அதிகாரிகள் ஆராய்ந்து எடுத்த முடிவு அது. அந்த முதலாளி பிரதமரின் மகன் சஞ்சய் காந்தியைப் போய்ப் பார்த்தார். நிபந்தனையை எடுத்துவிடும்படி மேலே இருந்து உத்தரவு இறங்கியது.

அப்போது நிதியமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். பசுமைப் புரட்சிக்கு வழி செய்தவர், நம் கொங்கு நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர். அந்தக் காலத்து நிலைமை அப்படி. அவர் தல்வாரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். தல்வார் மறுபடியும் தன் அதிகாரிகளிடம் விவரம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் எடுத்த முடிவு சரி என்று தெரிந்தது. நிபந்தனையைத் தளர்த்த முடியாது என்று அமைச்சரிடம் தெரிவித்துவிட்டார். சஞ்சய் காந்தியைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அரசாங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாதவரைத் தான் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, தான் பதில் சொல்ல வேண்டியது நிதியமைச்சருக்குத்தான் என்று மறுத்துவிட்டார்.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் தப்பித்துக்கொள்ள ரொம்ப சுலபமான வழி இருந்தது. கீழே இருப்பவர்கள் அவசரப்பட்டு நிபந்தனை போட்டுவிட்டார்கள், நான் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மேலே இருப்பவர்களுக்கு மகிழ்ச்சி, முதலாளிக்கு மகிழ்ச்சி, அவர் நாற்காலிக்கும் ஆபத்தில்லை. நட்டம் கோப்பில் கையெழுத்துப் போட்ட அந்த அதிகாரிகளுக்கு மட்டும்தான். அந்த வழியை அவர் எடுக்கவில்லை.

அவரை விலக்கப் பார்த்தார்கள். தகுந்த காரணம் இல்லாமல் ஸ்டேட் வங்கித் தலைவரை நீக்கச் சட்டத்தில் இடமில்லை. வேறு பெரிய பதவி தருகிறோம் என்றார்கள். அவர் நகரவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறையை விட்டுத் துருவினார்கள். அவர் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னையிடம் பக்தி உள்ளவர். ஆரோவில்லுக்காகத் தொழிலதிபர்கள் சிலரிடம் நன்கொடை கேட்டிருந்தார். அதில் மிரட்டல் உண்டா என்று விசாரித்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. ராஜினாமா செய்யச் சொன்னார்கள், மறுத்தார். கடைசியில் 1976-ல் பாராளுமன்றத்தில் ஸ்டேட் வங்கிச் சட்டத்தையே திருத்தினார்கள். ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்ப ஒரு சட்டத் திருத்தம். அப்போதும் அவர் ராஜினாமா கடிதம் எழுதவில்லை. 1976 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, மீதி இருந்த பதவிக் காலத்துக்கு, ஏறத்தாழ 13 மாதங்கள், விடுப்பில் போகச் சொல்லி உத்தரவு வந்தது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

இந்த விவரங்கள் வெளியே தெரிய வந்ததற்கு முக்கியக் காரணம் நம் தமிழ்நாட்டுக்காரரான என். வாகுல். ஸ்டேட் வங்கியில் தல்வாருக்குக் கீழே வேலை பார்த்தவர். பிறகு 1981-ல் பாங்க் ஆஃப் இந்தியாவின் தலைவராகவும், 1985-ல் ஐசிஐசிஐ தலைவராகவும் ஆனவர். பெரிய பெரிய அதிகாரிகளை உருவாக்கியவர் என்று பெயர் எடுத்தவர். அவர் 2024 மே மாதம் காலமானார். வாழ்க்கையில் எவ்வளவோ உயரம் போன பிறகும், தன் பழைய மேலதிகாரியைப் பற்றி எழுதவும் பேசவும் அவர் அலுத்துக்கொண்டதே இல்லை. ஒரு மேலதிகாரிக்கு இதைவிட வேறு என்ன பென்ஷன் வேண்டும்?

தல்வார் பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்தார். 2002-ல் காலமானார்.

இப்போது என் மேனேஜர் கதை. சின்னக் கதைதான், 1986-ல் நடந்தது. கிளையில் கடன் பத்திரங்களின் தேதிகளைக் குறித்து வைக்கும் டைரி என் பொறுப்பு. கடன் பத்திரம் கையெழுத்தாகி மூன்று வருடத்துக்குள், பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு கடன்தாரர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலாவதி. பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் வங்கியின் கை ஓங்காது. ஆறு பவர் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் பத்திரத்தை நான் கோட்டை விட்டேன். வீட்டில் முதல் குழந்தை பிறந்த நேரம், இரவெல்லாம் தூக்கமில்லை. ஆனால் அதையெல்லாம் ஆடிட்டர் கேட்பாரா? 23 நாள் தாண்டிவிட்டது என்று எழுதிவிட்டார்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. அவருடைய டிவிஎஸ் 50-யில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனார். அன்றைக்கு நம் நெருப்பெரிச்சல் பக்கமெல்லாம் சோளக்காடு. நடுவில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. துணி ரோலின் மேல் உட்கார்ந்து, எங்கள் தவறால் பத்திரம் காலாவதி ஆகிவிட்டது, சட்டப்படி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவரிடமே உள்ளதைச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காலாவதியான கடனைக்கூடத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்று பி.காம். ஒப்பந்தச் சட்டத்தில் படித்திருந்தேன். ஆனால் யார் போடுவார்கள்? அவர் பேனாவை வாங்கினார், போட்டார். அவருடைய முதல் மெஷினுக்கு, சொத்து கேட்காமல் கடன் கொடுத்தவர் இதே மேனேஜர்தான். இரண்டு வருடத்தில் கடன் முழுதும் அடைந்தது.

மேலிடத்துக்குப் போன விளக்கக் கடிதத்தில், டைரியை வாராவாரம் சரிபார்க்க வேண்டியது தன் வேலை, தவறு தன்னுடையது என்று மேனேஜர் எழுதியிருந்தார். என் பெயரே அதில் இல்லை. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இந்த இரண்டையும் நான் தெரிந்துகொண்டது இரண்டு வருடம் கழித்து, அவர் மாற்றலாகிப் போன பிறகு, வேறொருவர் சொல்லித்தான். அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இனிமேல் ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடத்தில் எழுது, ஒன்று உரிய நாளில், இன்னொன்று மூன்று மாதம் முன்னால். ஓய்வு பெறும்வரை அப்படியே எழுதினேன். இப்போதும் நம் அசோசியேஷன் லிஃப்ட் இன்ஷூரன்ஸ் தேதியை நான் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் படம் ஏன் கண்ணாடிக்கு அடியில் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தல்வாரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

நம் குடியிருப்பில் கம்பெனி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், சூப்பர்வைசர்கள், மெர்ச்சன்டைசர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் கீழே யாராவது நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். கட்டிங் தவறிப்போகும், கலர் ஷேடு மாறிப்போகும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும். யார் செய்தது என்று மேலே இருந்து கேட்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் யார் பெயரைச் சொல்கிறீர்கள் என்பது அந்த நாலு பேருக்கு ஆயுசுக்கும் நினைவிருக்கும். அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒருவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்கும் அப்படி ஒரு மேலதிகாரி இருந்திருப்பார். அவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். என் மேனேஜரிடம் அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பேசலாம், பொங்கலுக்குப் பேசலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தேதியை இரண்டு இடத்தில் எழுதக் கற்றுக்கொண்டவன், இந்த ஒன்றை ஒரு இடத்திலும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த இதழில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பற்றிக் கட்டாயம் எழுதுகிறேன். வணக்கம்.